காட்டுப் பறவையும் காமிராவும்

தினைப்புனத்தின் நடுவே பரண் அமைத்து, அதன்மேல் அமர்ந்து கிளி கடிந்த குறிஞ்சி நிலத்துப் பெண்களைப்பற்றி நாமெல்லாரும் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். அந்தப் பரண் பறவையை விரட்டுவதற்காக ஏற்பட்டது. பறவையை விரட்டாமல், தான் இருப்பதையே அது அறியாதபடி, அதற்கு ஐந்தாறு முழத் தொலைவில் ஒருவன் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதற்கும் ஒரு பரண் உண்டென்று யாரேனும் சொல்லியிருந்தால் அவர்கள் நகைத்திருக்கவே கூடும். ஆயினும் அப்படிப்பட்ட பரண்கள் இன்று உலகெங்கும் உள்ளன. ஆங்கிலேயர் அதை ‘ஹைட்’ என்பர். அமெரிக்கர் ‘பிளைண்ட்’ என்பர். தமிழில் அதற்கென்று நிலைத்த பெயர் ஒன்றும் ஏற்படவில்லை. மறைவிடம் என்றே இங்கு குறிப்பிடுகிறேன்.

மறைந்திருந்து உயிர்களை நெருங்கும் உபாயத்தைப் புகைப்படக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வேடன் அறிந்த வித்தை அது. பழக்கிய மானை நிறுத்தி மற்ற மான்களை அருகில் வரச் செய்யும் முறைக்குச் சங்க நூல்களிலேயே ‘பார்வை’ என்று பெயர் வழங்கியிருக்கிறது. வட நாட்டு ஏரிகளில் வாத்துப் பிடிப்பவர்கள் தலையில் மண்பானையைக் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு நீரில், மிதந்து வரும் பானைபோலவே மெல்ல நகர்ந்து, பறவையின் காலைப் பற்றி நீருக்குள் இழுத்துவிடுவார்கள். மத்திய இந்தியாவிலும் தக்காணத்திலும் திரியும் பார்தி வேட்டைக்குடிகள், பழக்கிய மாட்டை மேயவிட்டு அதன் மறைவில் நடந்து சென்று கவுதாரிக்குக் கண்ணி வைப்பார்கள். மேயும் மாட்டைக் கண்டு எந்தப் பறவைதான் அஞ்சும்? இந்த மாட்டை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். சற்று நேரத்தில் இது வேறொரு தேசத்தில் மீண்டும் வரப்போகிறது.

பறக்கும் பறவையைப் படமாக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் எடியென் ஜூல் மாரே என்னும் பிரெஞ்சு உடலியல் அறிஞர். 1882-ல் அவர் செய்த கருவி, பார்வைக்கும் பெயருக்கும் துப்பாக்கியேதான். தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தால் ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படங்கள் பதியும். சிறகு மேலெழுவதும் கீழிறங்குவதும் எப்படி என்று மனிதன் அன்றுதான் நிறுத்திப் பார்த்தான். ஆனால் மாரே நாடியது இயக்கத்தின் இலக்கணம். பறவையின் இல்வாழ்க்கையை அவர் தேடவில்லை. அதைத் தேடியவர்கள் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மலைப்புறத்தில் துவெயிட் என்ற சிற்றூரில் பிறந்த இரு சகோதரர்கள்.

மூத்தவர் ரிச்சர்ட் கியர்ட்டன் 1862-ல் பிறந்தவர்; இளையவர் செர்ரி கியர்ட்டன் 1871-ல். ரிச்சர்ட் சிறுவயதில் பறவைக்கூடு தேடி மரமேறி விழுந்து இடுப்பில் அடிபட்டு, ஆயுள் முழுதும் கால் விந்தி நடந்தவர். அந்தக் காலோடுதான் குன்றும் சதுப்பும் தீவும் சுற்றினார். இருவரும் லண்டனில் காஸல் பதிப்பகத்தில் வேலைக்கு அமர்ந்தார்கள். 1892 ஏப்ரலில், லண்டனுக்கு வெளியே, முட்டைகளோடு கூடிய ஒரு பாட்டுக்குருவியின் கூட்டைச் செர்ரி படம் எடுத்தார். இன்று ஒரு சிறு பிள்ளைகூடக் கைப்பேசியில் எடுத்துவிடக்கூடிய படம்தான். ஆனால் அந்த ஒரு படத்தைக் கண்டபோது ரிச்சர்டுக்கு ஒரு நூலே கண்முன் தோன்றியது போலும். மூன்றாண்டுகள் இருவரும் அலைந்து திரிந்தபின் 1895-ல் பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைப்பற்றிய அவர்களுடைய நூல் வெளிவந்தது. இயற்கையில் உள்ளது உள்ளபடியே எடுத்த புகைப்படங்களாலேயே முழுதும் அமைந்த முதல் இயற்கை நூல் என்று அதனைக் கூறுவர். அதுவரை பறவை நூலுக்குப் படம் வரைபவர் பாடம் செய்த பறவையைத்தான் எதிரில் வைத்துக்கொள்வார். அதாவது, நூலுக்காக முதலில் ஒரு பறவை சுடப்படும்.

கூடு அசையாது, பறவை அசையும். கண்ணாடித் தகட்டில் படம் பிடித்த அந்நாளில் நெடுந்தொலைவிலிருந்து பறவையை விரைவாக எடுப்பதற்கேற்ற லென்சும் இல்லை. விரைந்து பதியும் தகடும் இல்லை. ஆகவே பறவைக்கு மிக அருகில் போயாகவேண்டும். இந்த இக்கட்டிலிருந்துதான் மறைவிடம் பிறந்தது. சகோதரர்கள் பொய்யாக ஒரு மரத்தின் அடிப்பகுதியைச் செய்து, மேலே வண்ணம் பூசிக் கொடி சுற்றி, உள்ளே நின்றார்கள். பொய்ப் பாறை செய்தார்கள். பாடம் செய்த ஆட்டின் தோலுக்குள் காமிராவை வைத்தார்கள். 1900-ல் அவர்கள் செய்ததோ எல்லாவற்றையும் மிஞ்சியது. ஒரு முழு எருதின் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்து, உள்ளே ஆள் நிற்க இடம்விட்டு, லென்சுக்கு ஓர் ஓட்டையும் வைத்து, மேய்ச்சல் நிலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பார்தி வேடனின் மாடு யார்க்‌ஷயர் வரையில் போய்விட்டது! அவனைப்பற்றி இவர்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஒரே தேவை இரண்டு இடங்களில் ஒரே யுக்தியைக் கற்பித்திருக்கிறது. ஒருவனுக்கு இரை, மற்றவர்க்குப் படம்.

எருதின் வயிற்றுக்குள் குனிந்து நிற்பது எளிய காரியமன்று. புழுக்கத்தில் ஒருநாள் ரிச்சர்டு மயங்கிச் சாய, எருதும் கால்களை வானுக்குத் தூக்கிக்கொண்டு கவிழ்ந்தது. தம்பி வந்து பார்த்தவர் அண்ணனை வெளியே இழுப்பதற்கு முன்பு அந்தக் காட்சியை ஒரு படம் எடுத்துக்கொண்டாராம். தொழில் பற்று என்பது இதுதானோ என்னவோ!

அவர்களுக்குப் பின் வந்தவர்கள் எருதையும் ஆட்டையும் கைவிட்டார்கள். நான்கு கழிகளும் பச்சையோ பழுப்போ ஆன துணியும் போதும் என்பது அனுபவத்தில் தெரிந்தது. பறவைக்கு வேண்டியது மாட்டின் உருவமன்று. மனித உருவம் தெரியாமலிருந்தால் போதும். துணிக்கூடாரத்தை அது சில நாட்களில் பாறையைப்போல ஏற்றுக்கொள்ளும். எமா டர்னர் என்ற பெண்மணி நார்ஃபோக் நாட்டு நாணற்காடுகளிடையே படகு வீட்டிலேயே வாழ்ந்து இத்துறையில் பெரும் புகழ் பெற்றார். பிரிட்டனில் கூடு கட்டுவதை விட்டு மறைந்தே போயிற்று என்று எண்ணப்பட்ட நாணற்கொக்கின் குஞ்சை 1911-ல் அவர் கண்டு படம் எடுத்தார். அந்த இனம் மீண்டும் அங்கே இனம்பெருக்குகிறது என்பதற்கு அந்தப் படமே சாட்சி ஆயிற்று. முன்னாளில் இத்தகைய சாட்சிக்குப் பறவையின் பிணத்தைத்தான் கேட்பார்கள்.

மறைவிடத்துக்கென்று சில விதிகள் உண்டு. அவற்றை எழுதி வைத்தவர் ஒருவரல்லர். பலரும் பட்டறிந்து சொன்னவை. கூடாரத்தைக் கூட்டின் அருகில் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. முதலில் எட்டத்தில் நட்டு, நாள்தோறும் சிறிது சிறிதாக நெருங்கவேண்டும். ஒவ்வொரு முறை நகர்த்திய பின்பும் பறவை கூட்டுக்குத் திரும்புகிறதா என்று தொலைவில் இருந்து பார்க்கவேண்டும். திரும்பாவிட்டால் பின்வாங்க வேண்டும். கூடாரத்துக்குள் நுழையும்போது இருவராகச் சென்று, ஒருவர் உள்ளே தங்க, மற்றவர் கைவீசிக்கொண்டு வெளிப்படையாகத் திரும்பிப் போகவேண்டும். வந்தவர் போய்விட்டார் என்று பறவை தேறிக்கொள்ளும். பெரும்பாலான பறவைகளுக்கு இவ்வளவு கணக்கு தெரியாது என்பது துறையறிந்தோர் அனுபவம். காகத்தினிடத்தில் மட்டும் இந்த வித்தை எளிதில் பலிப்பதில்லை. நம் வீட்டுக் கூரையில் வந்து உட்காரும் காகத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது.

எரிக் ஹாஸ்கிங் என்பவரை இங்கே சொல்லாமல் போவதற்கில்லை. 1937-ல் வேல்ஸ் நாட்டில் ஓர் ஆந்தைக் கூட்டின் அருகே உயரத்தில் அமைத்திருந்த மறைவிடத்துக்கு இருட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது, தாய் ஆந்தை ஓசையே இல்லாமல் பறந்துவந்து அவர் முகத்தில் நகத்தைப் பாய்ச்சியது. இடக்கண் போயிற்று. வயது இருபத்தெட்டுகூட நிரம்பாத புகைப்படக்காரருக்கு ஒரு கண் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் ஆந்தையைக் குறைகூறவில்லை. காமிராவை மூலையில் போடவுமில்லை. மின் ஒளிவிளக்கு தோன்றிய பிறகு, இரையைக் கவ்விக்கொண்டு சிறகு விரித்து நிற்கும் கூகையை 1948-ல் அவர் எடுத்த படம் உலகம் அறிந்த ஒன்று. 1970-ல் வெளியான தம் வரலாற்று நூலுக்கு ‘ஒரு பறவைக்காக ஒரு கண்’ என்ற பொருள்படத் தலைப்பிட்டார். மறைவிடத்தில் உட்கார்ந்த மனிதர்களால் கேடுற்ற கூடுகள் எத்தனையோ. தம் கூட்டைக் காத்து வென்ற அந்தத் தாய் ஆந்தையையும் இத்துறையின் வரலாற்றில் ஓர் இடம் கொடுத்து வைக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஒளிவிளக்கைப்பற்றி ஒரு வார்த்தை. நொடியின் ஆயிரத்தில் சிறு பங்கே எரிந்து அணையும் மின்னொளியை 1930-களில் அமெரிக்காவில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் முதலானோர் செப்பம் செய்தார்கள். தேன்சிட்டையொத்த ஹம்மிங் பறவையின் சிறகுகூட அதன் முன் அசையாமல் நின்றது. கூட்டில் அமர்ந்த பறவையை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தவர்கள், செயலில் உள்ள பறவையை எடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகே.

இந்தியாவுக்கு வருவோம். 1883-ல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் ஆரம்ப காலத்து எழுத்துகள் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் எழுதியவை. மெல்ல மெல்லக் காமிராக்காரர்களும் அதில் இடம் பெற்றார்கள். ரயில்வேயில் பணியாற்றிய இ. எச். என். லோதர் என்பவர் தாம் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் கூடாரம் அடித்துப் பறவைகளைப் படம் எடுத்து, இந்தியாவில் ஒரு பறவைப் புகைப்படக்காரரின் அனுபவங்களாக 1949-ல் ஒரு நூலை வெளியிட்டார். வேலை நிமித்தம் வெவ்வேறு ஊர்களில் வாழ நேர்ந்தவர்களுக்கு இந்த நூலில் ஓர் உறவு தோன்றும். ஊர் மாறும்போது மனிதர்கள் மாறுகிறார்கள். பறவைகளோ பாதி பழகியவையாகவே இருக்கின்றன.

லோக் வான் தோ என்பவரின் கதை இன்னும் விசித்திரமானது. 1915-ல் கோலாலம்பூரில் பிறந்த சீனச் செல்வந்தர். சினிமாக் கொட்டகைகளின் அதிபர். 1942-ல் ஜப்பானியர் சிங்கப்பூரை நெருங்கியபோது அவர் தப்பி வந்த கப்பல் குண்டுவீச்சில் எரிந்தது. உடலெல்லாம் தீப்புண், கண்பார்வையும் சில காலம் போயிருந்தது. பிழைத்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர், பம்பாயில் பறவை அறிஞர் சலீம் அலியின் நண்பரானார். பார்வை திரும்பப் பெற்ற அந்தக் கண்கள் அதன்பின் காட்டிய ஆர்வத்துக்கு அளவில்லை. சலீம் அலியுடன் இந்தியாவின் பல பகுதிகளுக்கும் சென்று, மறைவிடங்களில் பொறுமையோடு காத்திருந்து, உயர்ந்த படங்களை எடுத்தார். 1957-ல் அவருடைய பறவைப் பட நூல் வெளிவந்தது. 1964 ஜூனில் தைவானில் ஒரு விமான விபத்தில் அவர் மறைந்தார். சலீம் அலி தம் வாழ்க்கை வரலாற்றில் அவரை மிகுந்த அன்போடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

தமிழர் பங்கும் இதில் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996) சென்னையில் இருந்துகொண்டு, தாமே பூட்டி இணைத்த கனத்த காமிராவைச் சுமந்து, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கைக் குறிப்புகள் எழுதினார். தமிழ்நாட்டில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி. என். ஏ. பெருமாள் (1932–2017) தாம் எடுத்த படங்களுக்காக மட்டுமன்றி, அங்கே பல இளைஞர்களை இக்கலையில் பயிற்றுவித்ததற்காகவும் நினைக்கப்படுகிறார்.

இனி என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், உத்தியோகத்தின் பொருட்டு நான் வடக்கே ஒரு நகரத்தில் இருந்தபோது, ஊருக்கு வெளியே ஆற்று மணலில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டையிட்டிருப்பதைக் கண்டேன். மே மாதம். அந்த வெயிலில் அது நீருக்குச் சென்று வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைகளின்மேல் அமர்ந்து அவற்றைக் குளிர்விக்கும். அந்தக் காட்சியைப் படம் எடுக்கவேண்டும் என்பது ஆசை. விடுமுறை மூன்றே நாள். விதிகளை அறிந்திருந்தும், ஐந்து நாளில் நகர்த்தவேண்டிய கூடாரத்தை ஒரு மாலைக்குள் நகர்த்தி, மறுநாள் காலையில் உள்ளே புகுந்தேன். பறவை வரவில்லை. எட்டத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. இன்னும் கால் மணி, இன்னும் கால் மணி என்று நான் காத்திருந்தேன். வெயில் ஏறியது. முட்டைகள் வெற்று மணலில் கிடந்தன. கடைசியில் நான் வெளியே வந்து கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில், அதுவரை கரையோரத்து மரத்தில் உட்கார்ந்து யாவற்றையும் பார்த்திருந்த இரண்டு காகங்கள் இறங்கின. நான் கைகொட்டி ஓடுவதற்குள் இரண்டு முட்டைகள் போய்விட்டன. மற்ற இரண்டும் வெயிலில் வெந்தனவா, பிழைத்தனவா என்று பார்ப்பதற்கு எனக்கு அடுத்த நாள் துணிவு வரவில்லை. கூடாரம் என்னைப் பறவையின் கண்ணிலிருந்து மறைத்தது. என் மனத்தின் அவசரத்தை மறைக்கவில்லை.

நான் மட்டும் செய்த குற்றமாயிருந்தால் இங்கே எழுதவேண்டியதில்லை. கூட்டை மறைக்கும் இலைகளையும் கிளைகளையும் படத்துக்குத் தடை என்று ஒதுக்கிக் கட்டுவது ஒரு காலத்தில் எல்லாரும் செய்த காரியம். வேலை முடிந்ததும் அவற்றை அவிழ்த்துப் பழையபடி விடவேண்டும் என்பது விதி. அவிழ்க்க மறந்த கூட்டில் வெயிலுக்கும் வல்லூறுக்கும் குஞ்சுகள் பலியாயின. அந்தத் தலைமுறையின் புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலானவை கூட்டருகே எடுத்தவை என்பதையும், கூட்டுக்கு வரும் தாய்ப்பாசத்தையே அவர்கள் தூண்டிலாகக் கொண்டார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். 1972-ஆம் ஆண்டு நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குப் பொருள் விரிக்கும்போது, காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூட்டையோ குலைப்பதையும் அதனுள் சேர்த்திருக்கிறது. துப்பாக்கியை விட்டுவிட்டோம் என்று நிமிர்ந்து நடந்தவனைச் சட்டம் மீண்டும் வேடன் என்றே அழைத்துவிட்டது! இன்று பொறுப்புள்ள படக்காரர்கள் கூட்டருகே போவதில்லை. பல போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்பதுமில்லை.

ஆகவே மறைவிடம் கூட்டைவிட்டுத் தண்ணீரிடம் போயிருக்கிறது. குமாவூன் மலையில் சத்தாலிலும், கேரளத்தில் தட்டேக்காட்டிலும், கர்நாடகத்தில் கணேஷ்குடியிலும், சிறு குட்டைகளில் நீர் நிரப்பி, எதிரே துணி மறைப்புக் கட்டி, பறவைகள் குடிக்கவும் குளிக்கவும் வரும்போது படம் எடுக்கிறார்கள். உள்ளூர் மக்களுக்கு அதில் வருவாய் உண்டு. முன்பு காட்டில் கண்ணி வைத்த கைகள் இன்று குட்டைக்கு நீர் ஊற்றுமாயின் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தானியமும் புழுவும் தூவிப் பறவையைப் பழக்குவதும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அதை எதிரி வந்ததாக ஏமாற்றி இழுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. பழைய வேடனின் ‘பார்வை’தான் அது.

மறைவிடமே வேண்டாத இடங்களும் இருக்கின்றன. செங்கற்பட்டு வட்டாரத்து வேடந்தாங்கலில், பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமென்று அறிந்த ஊரார் தலைமுறை தலைமுறையாய்ப் பறவைகளைக் காத்து வந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லயனல் பிளேஸ் என்ற கலெக்டரிடம் அதற்கு ஆதரவான உத்தரவும் பெற்றார்கள். அங்கே கரைமேல் நடக்கும் மனிதனை நத்தைக்கொத்தி நாரை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை.

டில்லியிலும் ஆக்ராவிலும் வாழும் நேயர்களுக்கு வேடந்தாங்கல் தொலைவு, பரத்பூர் அருகில். அங்கே கேவலாதேவ் கோயிலருகே கல்வெட்டுகள் சில நிற்கின்றன. மன்னர் பரம்பரையின் கொடை விவரங்கள் அவற்றில் இல்லை. வைசிராய்களும் விருந்தாளிகளும் எந்த நாளில் எத்தனை துப்பாக்கிகளால் எத்தனை பறவைகளைச் சுட்டார்கள் என்ற கணக்குத்தான் இருக்கிறது. 1938 நவம்பர் 12-ஆம் தேதி லின்லித்கோ பிரபு வந்த அன்று 4,273 பறவைகள். 1956-ல் அது சரணாலயமான பின்பும் மன்னர் குடும்பத்துக்கு இருந்த வேட்டையுரிமை 1972-ல்தான் முடிவுற்றது. 1985-ல் அது உலகப் பாரம்பரிய இடமாயிற்று. சுடுவோர் மறைந்து நிற்பதற்கென்று நீரிடையே அமைத்திருந்த இடங்களைத் தாண்டி இன்று சைக்கிள் ரிக்‌ஷாக்கள் போகின்றன. ரிக்‌ஷாவில் அமர்ந்தபடி படம் எடுப்பவர்களை அங்கே பலமுறை கண்டிருக்கிறேன். வண்டி நின்றாலும் பாதையோரத்து ஆந்தை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். இறங்கி இரண்டடி நடந்தால் பறந்துவிடும். ஓட்டுபவர் இதை நன்கு அறிவார். “இறங்காதீர்கள், வண்டியிலேயே இருங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.